எறையூரில் தைத்தது

வெளிநாடு போவதற்காக வாங்கிய சக்கரப் பெட்டியோடு பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பெட்டியைப் பார்த்த ஆட்டோக்காரர், "ஏர்போர்ட்டுக்கா மேடம்? திருச்சி பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்" என்று கை காட்டினார். இல்லை, இங்கேதான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பெட்டிக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரும் இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் திருப்பூரில் ஏற்றுமதித் துணிகளைச் சரிபார்க்கிறவள். தையல்காரியாக ஆரம்பித்து இந்த வேலைக்கு வந்தேன். பொத்தானை இழுத்துப் பார்ப்பது, தையலை நகத்தால் நெருடிப் பார்ப்பது, பெட்டியின் அடியில் இருப்பதை மேலே எடுத்துப் பார்ப்பது எல்லாம் என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்லலாம். பழகிப்போய், கல்யாண வீட்டில் போர்த்துகிற சால்வையைக்கூட ஓரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன்.

எங்கள் கம்பெனி ஒரு குளிர் நாட்டுக்குக் கையில்லாத கோட்டு அனுப்புகிறது. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் அணிவது. காக்கி நிறம், நெஞ்சிலும் இடுப்பிலும் மூடி வைத்த பாக்கெட்டுகள். அதைத் தைப்பது பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் இருக்கும் ஒரு சின்ன யூனிட். அந்தக் குளிர் நாட்டில் லேபிள் விதி மாறியது. துணி எந்த நாட்டில் தைத்தது என்று போட்டால் இனிப் போதாது, எந்த ஊரில் தைத்தது என்றும் போட வேண்டும், அது உண்மை என்று நேரில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இதைப் பற்றிப் பேச என்னை அங்கே வரச் சொன்னார்கள். பெட்டி வாங்கினேன்.

அதற்குள் விசா விதியும் மாறிவிட்டது. நான் திரும்பி வருவேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை, சொந்த வீடு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. திருப்பூரில் இரண்டு பூனைகள் காத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லலாமா என யோசித்தேன். மறுத்துவிட்டார்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்த பையன் சந்தேகப்பட்டதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

மூன்றாவது அடி நம் பக்கமிருந்து வந்தது. ஆயுத ஏற்றுமதி விதியை இறுக்கியிருந்தார்கள். துறைமுகத்தில் காக்கி நிறத்தையும் பாக்கெட்டுகளையும் பார்த்த ஓர் அதிகாரி, இது ராணுவ உடையாக இருக்குமோ என்று எங்கள் பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டார். மீன்காரர்கள் கோட்டு என்று எழுதிக் கொடுத்து மீட்டோம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்ட உடு. எறையூருக்குப் போயிட்டு வா. அங்கயேதான் தெக்கறாங்களா, வெளிய குடுத்து வாங்கறாங்களான்னு கண்ணுல பாத்தாத்தான் கையெழுத்து" என்றார். அப்படித்தான் நான் பெரம்பலூர் வந்தேன்.

யூனிட்டை நடத்துகிற தமிழரசி ஸ்கூட்டியில் வந்து காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள், சொந்தமாகக் கையகல மண் கிடையாது என்று அவளே சொன்னாள். திருப்பூரில் சில வருடம் தைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் பழைய மிஷின்களோடு இதை ஆரம்பித்திருக்கிறாள்.

"மொதல்ல சாப்புடுங்க மேடம். அப்புறம் ரூம்ல படுத்து ரெஸ்ட் எடுங்க. யூனிட்ட நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். யூனிட்டைக் காட்டாமல் சாப்பாட்டைக் காட்டினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இது என் அனுபவம். ஆனாலும் சாப்பிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். உரித்த சின்ன வெங்காயம் முழுசு முழுசாக மிதக்கும் சாம்பார். எங்கள் ஊர் மெஸ்ஸில் வெங்காயத்தை எண்ணிப் போடுவார்கள், இங்கே அள்ளிப் போடுகிறார்கள். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "இப்பவே யூனிட்டுக்குப் போகலாம்" என்றேன். தமிழரசியின் முகம் ஒரு நொடி மாறியதைக் கவனித்தேன்.

எறையூர் போகிற வழியில் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஒரு டிராக்டரின் டிப்பரிலிருந்து கரும்புக் கட்டு ஒன்று சரிந்து எங்கள் முன்னால் விழுந்தது. தமிழரசி லாவகமாக ஒடித்து ஓட்டினாள். பின்னால் வந்த பேருந்து நின்றது, டிரைவர் உட்பட நாலைந்து பேர் இறங்கி ஆளுக்கொரு கரும்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. சர்க்கரை ஆலைப் பக்கம் நெருங்க நெருங்கப் புளித்த வெல்ல வாசனை மூக்கில் ஏறியது.

யூனிட் ஒரு பழைய ரைஸ் மில் கட்டடத்தில் இருந்தது. உள்ளே வரிசையாகத் தையல் மிஷின்கள். ஒன்றுகூட ஓடவில்லை. பெண்கள் அங்கங்கே உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். மூலையில் குவிந்திருந்த துணியைப் பழைய சேலையால் மூடியிருந்தார்கள். நான் முதலில் இருந்த அம்மாளிடம், எத்தனை வருடமாகத் தைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது.

"தைக்கிறதா? நான் கூட்டிப் பெருக்க வந்தேங்க" என்றார். அவர் தலைமுடியில் காக்கி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் எங்க நாத்தனாரப் பாக்க வந்தேன்" என்றாள் அடுத்தவள்.

"நீங்க?"

"சும்மா காத்து வாங்க வந்தேங்க. வூட்ல கரண்டு இல்ல."

கட்டிங் மாஸ்டர் ஜமால் பாய் மட்டும் மேசைக்குப் பின்னால் கத்தரியோடு நின்றிருந்தார். வெள்ளைத் தாடி, நிதானமான பேச்சு. "நான் வெட்றேன் தங்கச்சி. அல்லா சத்தியமா வெட்றது நான்தான். தைக்கிறது யாருன்னு கேட்டா எனக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

தமிழரசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விஷயம் முடிந்துவிட்டது போலத்தான் தோன்றியது. சரக்கை வேறு எங்கோ தைத்து வாங்கி, இங்கே லேபிள் மட்டும் ஒட்டுகிறார்கள். இந்தப் பெண்களை எனக்காக உட்கார வைத்திருக்கிறார்கள், அதையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பி, நாளைக்கே ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து படுத்தேன். ஆனால் அந்தத் தலைமுடியில் இருந்த நூல் என்னை விடவில்லை.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ்ஸில் எறையூர் போனேன். யூனிட் வாசலில் கால் வைக்கும்போது உள்ளே மிஷின்கள் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்டது. கதவைத் தள்ளியதும் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டது. பாக்கியம் அவசரமாகத் துடைப்பத்தைத் தேடினார்.

"நீங்க எந்த ஸ்டேஷனுங்க?" என்று நேராகவே கேட்டார்.

"என்ன ஸ்டேஷன்? நான் தையக்காரிங்க. திருப்பூரு."

"நெசமாவே தையக்காரின்னா ஒரு பாக்கெட்டு வெச்சுக் காட்டுங்க பாப்பம்."

எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. மிஷினில் உட்கார்ந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் ஒழுங்காக ஓட்டினேன். மூலை வந்ததும், வேண்டுமென்றே ஊசியை மேலே வைத்துக்கொண்டு துணியைத் திருப்பினேன். தையல் விலகிக் கோணிக்கொண்டு போனது.

"ஊசிய எறக்கி வெச்சுட்டுத் திருப்பணும்! யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? துணியப் பாழாக்கிட்டீங்களே!" என்று பாக்கியம் கத்தியேவிட்டார். நாத்தனாரைப் பார்க்க வந்தவள் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள். காற்று வாங்க வந்தவள் தையலைப் பிரிக்கச் சின்னக் கத்தரியைத் தயாராக எடுத்துவிட்டாள்.

பிறகு எல்லோருக்கும் புரிந்தது. முதலில் சிரித்தது ஜமால் பாய்தான். "மாட்டிக்கிட்டீங்களா!" என்று மேசையைத் தட்டினார்.

உண்மை அதற்குப் பிறகு கொட்டியது. துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திய சேதி, லாரி டிரைவர் வழியாக ஊருக்கு வந்திருக்கிறது. வரும்போது அது துப்பாக்கி கேஸ் ஆகிவிட்டது. "யாரு தைச்சதுன்னு கேக்க ஆளு வருமாம், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லிட்டான். நாங்க புள்ளகுட்டிக்காரங்க. தைச்சதுக்கு உள்ள தள்ளிட்டா?" என்றார் பாக்கியம். நான் திருப்பூர்காரி என்று தமிழரசி சொல்லியும் நம்பாமல், நான்தான் அந்த ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். தைத்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டிய நேரத்தில், தைக்கவே தெரியாது என்று சாதித்திருக்கிறார்கள்.

இது மீன் பிடிக்கிறவர்கள் போடுவது என்று விளக்கினேன். பாக்கெட்டில் தூண்டில் முள், நைலான் நூல், புழு டப்பா வைப்பார்கள் என்றேன். அதை ஒருத்தரும் நம்பவில்லை.

"மீன் புடிக்க எதுக்குங்க இத்தன பை? எங்க ஏரியில கோமணத்தோட எறங்கித்தான் புடிக்கிறான்" என்றாள் ஒருத்தி. "ஒங்களுக்கும் நெசத்தச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்று பாக்கியம் என்மேல் இரக்கப்பட்டார். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று பகல் முழுவதும் அவர்கள் தைப்பதைப் பார்த்தேன். நல்ல வேலை. மதியம் ஆளுக்கொரு தூக்குவாளியிலிருந்து எனக்கு எடுத்து வைத்தார்கள், மக்காச்சோள ரவையில் உப்புமாகூட வந்தது. திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முடிந்த கோட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன், என் வழக்கப்படி பாக்கெட் மூடியை நகத்தால் நெருடினேன். மூடியின் இரண்டு மூலையிலும் மிகச் சின்னதாக ஒரு முக்கோணத் தையல். இழுத்தால் கிழியாது. அழகான வேலை. ஆனால் காலையிலிருந்து ஒருத்தர்கூட அப்படித் தைத்ததை நான் பார்க்கவில்லை. மூடிகள் தைத்து முடித்தவையாகவே ஒரு பையிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"மூடி எங்க தெக்கறீங்க?" என்றேன்.

"இங்கதான் மேடம்" என்றாள் தமிழரசி. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சாயங்காலம் ஜமால் பாய் ஒரு மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தார். அது என்ன என்று கேட்டதற்கு, "வேஸ்ட்டு துணிங்க. அரியலூர்ல சிமெண்ட் லாரி தொடைக்க வாங்கிப்பாங்க. பாய் நாளைக்குக் கொண்டுபோவாரு" என்றாள் தமிழரசி. வேஸ்ட் துணியை யாரும் அவ்வளவு ஒழுங்காக மடித்துக் கட்டமாட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் ஒரு மூட்டையைப் பின்தொடர்ந்தேன். பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸில் ஜமால் பாய் முன்னால் ஏறினார், நான் பின்னால் ஏறி முக்காடு போட்டுக் கடைசி சீட்டில் ஒடுங்கினேன். நடத்துநர் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னார். "துணி மூட்டைதான தம்பி, புள்ள மாதிரி மடியில வெச்சிக்கிறேன்" என்றார் பாய். "புள்ளைக்கும் அர டிக்கெட் உண்டு பாய்" என்றார் நடத்துநர். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் மூட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அரியலூரை நெருங்கியதும் மரத்து இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. சிமெண்ட் லாரிகள் வரிசையில் எங்கள் பஸ் மாட்டிக்கொண்டது. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. எங்கள் ஊரில் சாயத் தண்ணீரைப் பற்றிப் பேசுவது போல இங்கே பக்கத்து சீட்டுக்காரர்கள் தூசியைப் பற்றிப் பேசினார்கள். "காயப்போட்ட வடாகம்லாம் கடிச்சா மண்ணு" என்று ஓர் அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார்.

அரியலூர் பேருந்து நிலையத்தில் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். லாரிக்காரர் யாரும் மூட்டை வாங்க வரவில்லை. ஜமால் பாய் டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகத் தூணுக்கு வந்தார்.

"சக்கர கம்மியாப் போடச் சொன்னேன். எவ்ளோ நேரந்தான் பின்னாடியே வருவீங்க தங்கச்சி? மீன்சுருட்டிக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. முன்னாடி சீட்டுலயே ஒக்காருங்க" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீயை வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது. "மீன்சுருட்டில என்ன இருக்குங்க பாய்?" என்றேன்.

"வந்து பாருங்க. நான் சொன்னா நம்பவா போறீங்க?"

ஜெயங்கொண்டம் தாண்டியபோது வழியில் கங்கைகொண்ட சோழபுரம் கோபுரம் தெரிந்திருக்கும். ஊரே கேமராவோடு வந்து பார்க்கிற கோயில். நான் அந்த நேரம் பாய் உண்மையிலேயே மீன்சுருட்டிக்குத்தான் டிக்கெட் எடுத்தாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலைத் தவறவிட்டேன்.

மீன்சுருட்டியில் இறங்கி வயலோரம் கொஞ்ச தூரம் நடந்தோம். ஓர் ஓட்டு வீடு. உள்ளே மிஷின் சத்தம். நாங்கள் நுழைந்ததும் அது நின்றது. சின்ன மோட்டார் வைத்த மிஷின் முன்னால் ஓர் இளம்பெண், காதை மூடித் துணி கட்டியிருந்தாள். உத்தரத்தில் சேலைத் தூளி. மிஷினில் காக்கித் துணி.

"நான் தைக்கலைங்க. இது என் ஜாக்கெட்டு" என்றாள்.

"சொல்லிடு கவிதா, அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார் பாய்.

கவிதா எறையூரில் வாழ்க்கைப்பட்டவள். யூனிட்டில் மூடி தைக்கிறவள் அவள்தான். தலைப் பிரசவத்துக்கு வழக்கம்போல அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதுகூட இன்னும் ஆகவில்லை. அவள் திரும்பி வர மாதங்கள் ஆகும், அதுவரை அவள் இடத்தில் வேறு ஆள் போட்டால் பிறகு அந்த ஆளை எழுப்ப முடியாது. அதனால் தமிழரசி மூட்டையை இங்கே அனுப்புகிறாள். குழந்தை தூங்கும்போது கவிதா தைக்கிறாள்.

கவிதாவின் அம்மா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிய பத்தியச் சாப்பாடுதான் இருந்தது. பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, மிளகு ரசம். "காரம் இருக்காதும்மா, கோச்சுக்காதீங்க" என்றார். நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று. குழந்தையைக் காட்டினார்கள். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது ஜமால் பாய் வேலியோரம் நின்றார். "பாத்தாச்சு. இனி ஒங்க இஷ்டம் தங்கச்சி. பாக்கலன்னு சொன்னாலும் அல்லா கோச்சுக்க மாட்டான்" என்றார்.

பொய்க் கையெழுத்து நான் போட்டதில்லை. மூடிதானே, அதுவும் ஒரு பச்சை உடம்புக்காரி, சொன்னால் முதலாளிக்குப் புரியும் என்று நினைத்தேன். அங்கேயே நின்று போன் செய்தேன்.

முதலாளிக்குப் புரிந்தது. "பாவந்தான். ஆனா லேபிள்ல எறையூருன்னு போட்டா எல்லாத் தையலும் எறையூர்ல இருக்கோணும். வூட்டுல தெச்சா செல்லாது. நாளைக்கு அவங்க ஆளு எவனாச்சும் தோண்டினா மொத்த சரக்கும் திரும்பி வரும். அங்க தெச்ச மூடியெல்லாம் பிரிச்சுப்போட்டு யூனிட்டுலயே மறுபடி தெக்கச் சொல்லு. நாளைக்கு ராத்திரி லாரி. முடியலைன்னா ஆர்டரு வேற பக்கம் போயிரும்" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். கவிதா தைத்து வைத்திருந்த மூடிகளை எடுத்து மூட்டையில் அடுக்கினாள். திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்தும் ஜமால் பாய் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரம்பலூரில் தமிழரசி காத்திருந்தாள். அழவில்லை, கோபமாகத்தான் இருந்தாள். "நீங்க பாக்கலன்னு சொல்லியிருந்தா யாருக்கு மேடம் தெரிஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரியுங்க" என்றேன். சொன்னபோது அது சரியான பதிலாகத்தான் பட்டது.

நான்காம் நாள் யூனிட்டில் மிஷின் சத்தமே இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கோட்டுகளிலிருந்து மூடிகளைக் கழற்றி, மூடிகளின் தையலையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் வா என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. பிரித்த மூடியில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பாக்கியம் ஒன்றைத் தைத்துப் பார்த்தார். பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை விழுந்து துணி விட்டுக்கொண்டது. இன்னொன்றைத் தைத்தார். அதுவும் போனது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கவிதாவின் அம்மா இறங்கினார், கையில் வேப்பிலைக் கொத்து. பின்னால் குழந்தையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கவிதா. எத்தனை பஸ் மாறி வந்தார்களோ, அந்தத் தூசியும் லாரியும் எனக்கு நினைவு வந்தது. தமிழரசி ஓடிப்போய், "நான் ஒன்ன வரச் சொல்லலியேடி!" என்றாள்.

"வேற ஆளு தைச்சா துணி நிக்காதுக்கா. ஆர்டரு போயிட்டா எல்லாருக்குந்தான போச்சு" என்றாள் கவிதா.

"முப்பது கூட கும்புடல. புள்ளையக் காத்து கருப்பு அண்டுமேன்னு வேப்பலையக் கட்டி எடுத்தாறேன். ஆஸ்பத்திரில போட்ட தையலு ஆறல, ஒக்காரவே முடியல அவளுக்கு. ஒரு வெரக்கடை லேபிளுக்கு இவள பஸ்ஸுல ஏத்திட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" அம்மா யாரைக் கேட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

உத்தரத்தில் தூளி கட்டினார்கள். இரும்பு இருக்க வேண்டும் என்று பாக்கியம் தன் நூல் கத்தரியைக் குழந்தையின் தலைமாட்டுத் துணிக்குள் வைத்தார். கவிதா மிஷினில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். மூடியை மடித்து, பிறகு கோட்டில் வைத்து, பழைய துளை ஒவ்வொன்றிலும் ஊசி இறங்குகிற மாதிரி மெதுவாக ஓட்டினாள். மூலையில் அந்தச் சின்ன முக்கோணம். அதையும் அதே துளைகளிலேயே போட்டாள். இடையில் இரண்டு முறை எழுந்து பால் கொடுத்தாள். உட்காரும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது.

முன்பே மீன்சுருட்டியில் தைத்த மூடி வைத்த கோட்டு ஒன்று, சாட்சிக்காக நான் எடுத்து வைத்தது, என் பையில் பிரிக்காமல் இருந்தது. இப்போது தைத்ததையும் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நெருடினேன், இழுத்தேன், புரட்டிப் பார்த்தேன். எது மீன்சுருட்டி, எது எறையூர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன்.

"இப்ப இது எறையூர்ல தைச்சதுதானேக்கா?" என்று கவிதா கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா, எறையூர்தான்" என்றேன்.

தூளியில் குழந்தை அழுதது. கவிதா மேசையில் கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. நான்தான் பக்கத்தில் நின்றேன். குழந்தையை எடுக்கக் குனிந்தேன். அவள் அம்மா குறுக்கே வந்து என் கையை ஒதுக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"நீங்க போயி ஒங்க கையெழுத்தப் போடுங்க" என்றார்.

போட்டேன்.